கறுப்பு வண்டியில் உப்புத் தடம்

மார்ச் 3, திங்கள்

வண்டியைக் கழுவினேன். கழுவாமலே விட்டிருக்கலாம்.

பாப்பா தூங்கும் நேரம்தான் எனக்கு நேரம். உச்சி வெயிலில் போர்வெல் உப்புத் தண்ணீரைப் பிடித்துக் கழுவினேன். துணியைப் பிழிந்து துடைக்கப் போவதற்குள் உள்ளே குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்து, பருப்பைக் கடைந்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள். கூரை, கதவு, டிக்கி, ஒன்று விடாமல். துணியால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் போகவில்லை.

கறுப்பு வேண்டாம் என்று அப்போதே என் தம்பி அருள் சொன்னான். "பல்லடம் தண்ணிக்கு வெள்ளை வண்டி எடுங்க மாமா. உப்பு தெரியாது." இவர் கேட்டால்தானே. குடும்பத்தில் யாரும் வாங்காத முதல் கார், கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமாம்.

சாயங்காலம் பனியன் கம்பெனியிலிருந்து வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"என்ன பிருந்தா, வண்டிக்கு அம்மை போட்டிருக்குது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சித்திரையில் பாப்பாவுக்கு ஒரு வயது முடிகிறது, மொட்டை, காதுகுத்து. இந்த வண்டியில்தான் குலதெய்வம் கோயிலுக்குப் போகப் போகிறோம். ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் வருவார்கள். அத்தைக்கு அதே கவலை. "ஊரே பாக்கும் அம்முணி. பாத்துக் கழுவு" என்றார்.

மாமியார் என்று அவரை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பாவின் அக்கா. பிறந்ததிலிருந்து அத்தை. அவர் மகனும் எனக்கு எப்போதும் மாமாதான். தாலி கட்டியதால் எதுவும் மாறவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று வருடம் வேதியியல் படித்தவள், இதற்கா அழுவது? தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே உட்கார்ந்துவிடும். வட்டம் அதுதான். அமிலம் பட்டால் கரையும்.

வினிகரில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்தேன். போர்டிகோ நிழலில் வண்டியை நிறுத்தி, துணியை நனைத்து வட்டங்களின் மேல் சற்று நேரம் போட்டு வைத்து, அலசி, உடனே துடைத்தேன். கதவில் இருந்தவை போய்விட்டன. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன கருமாந்திர வாசம் இது? வண்டிக்கு ஊறுகா போடறயா?"

"உப்பு கரையுதுங்க அத்தை."

"பாத்ரூம் கழுவற ஆசிட் ஒரு பாட்டில் கெடக்குதே. அதை ஊத்துனா ஒரே நிமிசம்."

"பெயிண்டும் ஒரே நிமிசத்துல போயிருங்க."

போர்டிகோவில் கட்டிய தொட்டிலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே போர்த் தண்ணீர் இறைக்கும் கம்ப்ரசர் மோட்டார் தடதடவென்று ஓடியது. சுவரே அதிரும் சத்தம். பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சரின் பையன் அந்தச் சத்தத்தில் எழுந்து அழுதான். எங்கள் பாப்பா அசையவில்லை. அத்தைக்குப் பெருமை. "என்ற பேத்திக்குத் தூக்கம்னா தூக்கம்தான்."

நல்ல பிள்ளை. தொந்தரவே இல்லாத பிள்ளை. எனக்குத்தான் அடிக்கடி தொட்டிலை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல தண்ணீர் வரவில்லை. வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 12, புதன்

ஜெசிந்தா டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்தவர், போகாமல் நின்றார். பாப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தன்யா... தன்யாக்குட்டி..." என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். பிறகு என்னிடம், "பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பறாளா பிருந்தா?" என்று கேட்டார்.

"வெளையாட்டு மும்முரம்க்கா."

"சரிதான். எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட..."

அத்தை உள்ளேயிருந்து ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டே வந்தார். "எங்க பிள்ளைக்கு என்ன குறைச்சல்? பாருங்க." பாப்பாவுக்குப் பின்னால் நின்று ணங்கென்று ஒரு தட்டு தட்டினார். எனக்கே காது கூசியது. பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே திரும்பி அத்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆச்சா?" என்றார் அத்தை.

டீச்சர் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் கதவு சாத்தும் வரை காத்திருந்து அத்தை சொன்னார்: "நாலு பிள்ளைகளுக்கு ஏபிசிடி சொல்லிக் குடுத்தா டாக்டராயிர முடியுமா?"

நானும் சிரித்தேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டும். கேட்டைத் திறக்க நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் போர்டிகோவில்தான் நிற்கிறேன். அது அவருக்கே தெரிகிறது. அப்புறமும் ஏன் அவ்வளவு நீளமாக ஹாரன் அடிக்கிறார்? அடித்துவிட்டு இறங்குவதும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று எதிர்வீட்டு நாய் குரைத்து, எதிர்வீட்டுக்காரரும் குரைத்தார். "ஏனுங் தம்பி, புது வண்டின்னு ஊருக்கே தெரியுமுங்க!"

கேட்டால், கை பட்டுவிட்டது என்கிறார்.

மார்ச் 21, வெள்ளி

பானெட்டில் இருக்கும் வட்டங்கள் மட்டும் வினிகருக்கும் போகவில்லை. வீடியோவில் ஒருவர் சொன்னார்: நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள், தட்டுப்பட்டால் உப்பு இன்னும் மேலேதான் இருக்கிறது, வழுவழுவென்று போனால், ஆனாலும் வட்டம் தெரிந்தால், பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது.

வழுவழுவென்றுதான் போகிறது.

வெயிலில் காயவிட்ட குற்றம். அன்றைக்கே துடைத்திருந்தால் ஒரு துணியோடு போயிருக்கும். இப்போது பாலிஷ் மெஷினால் பெயிண்டின் மேல்தோலையே கொஞ்சம் சீவி எடுக்க வேண்டுமாம். ஆழமாக இறங்கியிருந்தால் அதற்கும் போகாதாம். அந்த ஆள் இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டான்.

இனிமேலாவது தடம் விழாமல் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்து வண்டி குளிர்ந்த பிறகு கழுவ வேண்டும். ஒரு கதவைக் கழுவினால் அதைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கதவு. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர், பிறகு மெழுகு. இன்று அப்படியே செய்தேன். ஒரு குடம் நல்ல தண்ணீரை நான் வண்டி மேல் ஊற்றியதைப் பார்த்து அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குடிக்கற தண்ணியைக் கொண்டுபோய் காருக்கு ஊத்தறயே! அதுக்குச் சோறும் ஊட்டி உட்ரு."

"கடைசி அலசலுக்கு மட்டுந்தானுங்க."

"உங்கப்பன் இப்படித்தான். சின்ன வயசுல எருமைக்குப் பன்னீர் தெளிப்பான்."

பிறகு இருவரும் சேர்ந்து பாப்பாவைக் குளிப்பாட்டினோம். அத்தை காதில் இளஞ்சூடாக எண்ணெய் விட வந்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். காதில் எண்ணெய் விடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றேன். "காதுக்கு என்ன இப்ப?" என்றார். நான் பாப்பாவைத் துவட்ட ஆரம்பித்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 29, சனி

பாப்பா இன்னும் 'அம்மா' சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் சீக்கிரம் பேசும் என்கிறார்கள். சில பிள்ளைகள் தாமதம் என்கிறார்கள். பேச்சு வரட்டும் என்று அத்தை வசம்பு சுட்டு நாக்கில் தடவினார். கைகொட்டிச் சிரிக்கிறாள், டாட்டா காட்டுகிறாள், காக்காவுக்குச் சோறு போடுகிறாள். எல்லாம் கண்ணால் பார்த்துச் செய்வது.

கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அருள் அவன் நண்பனிடமிருந்து பாலிஷ் மெஷின் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான். பாலிஷ் மருந்தைத் தடவி, ஓரத்துக் கதவில் முதலில் பழகினேன். பொடி பறக்கும் என்று முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டேன். ஓட்ட ஓட்டக் கறுப்பு திரும்பி வந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அதில் என் முகம், எனக்குப் பின்னால் போர்டிகோ தூண், தரையில் உட்கார்ந்திருக்கும் பாப்பா, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மாமா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று மெஷினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா ஒரு துணி கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தை, கழுவிய பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடை நழுவியது. தட்டு, குண்டா, டம்ளர் அத்தனையும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

கதவில் பார்த்தேன். பாப்பா கிளிப்பை வாயில் வைத்தாள்.

நான் திரும்பினேன். நான் திரும்பியதும் அவள் நிமிர்ந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். என் கண் போன பக்கம் திரும்பினாள். சிதறிக் கிடந்த பாத்திரங்களைப் பார்த்துக் கை கொட்டிச் சிரித்தாள்.

"பாரு, சத்தங்கேட்டு எப்படிச் சிரிக்கறா" என்றார் அத்தை.

ஏப்ரல் 3, வியாழன்

வண்டி நன்றாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

பானெட்டைப் பாலிஷ் போடவில்லை. போட மாட்டேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

அந்தக் கதவின் மேல் போர்த் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். துடைக்கவில்லை. மத்தியானத்துக்குள் வெள்ளை பூத்து, எதுவும் தெரியாமல் போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் மாமா அந்தக் கதவைப் பார்த்தார்.

"போன வாரந்தான பளபளன்னு பண்ணி வெச்சிருந்தே? யாரு இதை இப்படி விட்டது?"

"நாந்தான்."

"ஏம்புள்ள, பைத்தியமா உனக்கு?"

"ஆமா. எனக்குப் பைத்தியந்தான். நீங்க தெனமும் ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டறது மட்டும் என்னவாம்?"

அவர் முகம் மாறிவிட்டது. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, என்னையும் ஏறச் சொன்னார். பாப்பா என் மடியில். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"கேட்டைத் தொறக்கறதுக்குன்னா நெனச்சே? நான் அடிப்பேன். நீ கண்ணைச் சுளிப்பே. அப்புறந்தான் அவ திரும்புவா. ஒரு நாளாவது நீ சுளிக்கறதுக்கு முந்தித் திரும்பிருவாளான்னு பாத்துட்டே இருக்கறேன்."

"எத்தனை நாளா?"

"தையில இருந்து."

தையில் இருந்து. பொங்கலுக்கு எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தோமே. அன்றைக்கும் தெரியுமா இவருக்கு?

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

வேறு வேறு குடும்பத்தில் பிறந்திருந்தால், இது உன் வழியா என் வழியா என்று சண்டை போட்டு ஆறலாம். எங்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவரே சொன்னார்: "யாரைக் குத்தஞ்சொல்றது? எங்கம்மாளும் உங்கப்பனும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ரெண்டு பக்கமும் ஒரே ரத்தந்தான்."

கோயமுத்தூரில் காது டாக்டரிடம் நாளைக்கே போகலாம் என்றேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஏதாவது செய்ய முடியும், நாள் போகப் போக மூளை சத்தத்தைக் கற்றுக்கொள்வதற்கான காலமும் போய்விடும் என்று நான் படித்ததை எல்லாம் சொன்னேன். பாப்பா எங்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காதுகுத்து முடியட்டும் பிருந்தா."

"எதுக்கு?"

"அம்மாவுக்கு இது தெரிஞ்சா தாங்காது. ஒறம்பரை வாயில விழறதுக்கு முந்தி விசேசம் ஒண்ணு நல்லபடியா முடிஞ்சிரட்டும். மூணு வாரந்தான."

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினேன். அவள் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு நாள் விடாமல் பாடுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வடை, பாயசம். வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார் அத்தை. சந்தனம் பொட்டு மாதிரி விழுந்த இடங்களில் உப்பு வட்டம் மறைந்து அழகாக இருந்தது. இன்று முழுக்க யாரும் பாப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நானும் கவனித்துப் பார்த்தேன். அத்தைகூட, அவளுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டித்தான் "வா சாமி" என்கிறார். எப்போதிருந்து இப்படி?

ஏப்ரல் 24, வியாழன்

அருளுக்கு மட்டும் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். தாய்மாமன் சீருக்கு என்ன நிறத்தில் பட்டுப் பாவாடை எடுக்கட்டும் என்று அவன் கேட்டான். பச்சை என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முடிந்தது. எதிலிருந்து தொடங்குவது?

காலையில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். புளியமரத்தடி நிழலில் வண்டியை நிறுத்தினோம், உப்பு தெரியவில்லை. "கறுப்பு ஜம்முனு இருக்குது மாப்ளே" என்று இரண்டு பேர் இவர் தோளைத் தட்டினார்கள். மொட்டை அடிக்கும்போது பாப்பா அழவில்லை. கண்ணாடியில் தன் தலையைப் பார்த்ததும் சிரித்தாள். அருள் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியைத் தயாராக வைத்திருந்தார்.

அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நீ அவ எதுக்கால நில்லு. உன்னைப் பாத்துட்டிருந்தா அழமாட்டா."

சாமிக்குப் பூசை முடிந்ததும் பின்பக்கம் அதிர்வேட்டு போடுவார்கள். எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். அதற்குத்தான் காத்திருந்தேனோ என்னவோ.

முதல் வேட்டு வெடித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. கூட்டத்தில் இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. என் உடம்பு தூக்கிப் போட வந்தது. விடவில்லை. பல்லைக் கடித்தேன். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பாப்பா என் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அங்கே எதுவும் நடக்கவில்லை. அவளுக்கும் எதுவும் நடக்கவில்லை. காலை ஆட்டினாள்.

"அடேங்கப்பா, வேட்டுக்கே அசையலையே! போலீஸ் வேலைக்குத்தான் போவா இவ" என்றார் ஒரு சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது வேட்டு இன்னும் பக்கத்தில். நான் அசையவில்லை. அவளும் அசையவில்லை. இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. அருள் குனிந்து மடியில் இருப்பவளின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னை. மூன்றாவது வேட்டுக்குக் கூட்டமே பாப்பாவைத்தான் பார்த்தது. அவள் தன் பச்சைப் பாவாடையின் சரிகையை நோண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை என் கையை இறுகப் பிடித்தார். என் காதோடு, பல்லிடுக்கில் கேட்டார்:

"நீ ஏம்புள்ள திரும்பல?"

நான் அவரைப் பார்த்தேன். அப்போதுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தது. தட்டைத் தட்டிய அன்றைக்கும் அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை. நான் சுளித்தால் பாப்பா திரும்புவாள் என்று என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

"உங்களுக்கும் தெரியுமாங்க அத்தை?"

அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

ஆசாரி, "நேரமாச்சுங்க, குத்திரலாமா?" என்றார். அருள்தான் தலையை ஆட்டினான். கம்பி இறங்கியதும் பாப்பா வீறிட்டாள். கோயிலே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். அது மட்டும்தான் அங்கே கேட்டது.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். கோயில் குழாயில் யாரோ பிள்ளைகள் தண்ணீர் பீய்ச்சி விளையாடியிருக்கிறார்கள். முன் கண்ணாடி வரைக்கும் வெள்ளைப் புள்ளிகள். பாதி வழியில் அத்தை பின்சீட்டிலிருந்து, "கோயமுத்தூருக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டார். இவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

கோயமுத்தூர். சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டுமாம். மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினார் சோதனை செய்கிற பெண். "மொட்டை அடிச்சது வசதியாப் போச்சுங்க, நல்லா ஒட்டுது" என்றார். குத்திய இடம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. கம்பி படாமல் பார்த்துப் பார்த்துக் காதுக்குள் குழாயை வைத்தார். கம்ப்யூட்டரில் கோடுகள் ஓடின. சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கோடு எழும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தான் போனேன். எழும்பவில்லை. இன்னும் கூட்டினார். தட்டையாகவே ஓடியது. அந்தப் பெண் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் அறைக்குள் கூப்பிட்ட நேரத்தில் பாப்பா எழுந்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் கீழே வண்டி நிற்கும் இடம் தெரிந்தது. உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டு மாமா அங்கேதான் நின்றிருந்தார். பானெட்டில் ஒரு புள்ளியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார், விடாமல்.

டாக்டர் நல்ல மாதிரி. அவசரப்படாமல் சொன்னார். இரண்டு காதும். பிறவியிலேயே. முதலில் காது மெஷின் வைத்துப் பார்க்கலாம். அதில் பலன் தெரியாவிட்டால் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன். அரசு காப்பீட்டில் செய்யலாம். செய்தாலும் அதோடு முடியாது. வருடக் கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரிப் பேச்சு வரும் என்று சொல்ல முடியாது. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்மா" என்றார். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் அத்தை சத்தமாக அழ ஆரம்பித்தார்.

பாப்பா அத்தையைப் பார்க்கவில்லை. என் மடியில் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அறையில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ள எப்போதும் போல என் முகத்தைப் பார்த்தாள். புருவத்தை, கண்ணை, வாயை, ஒவ்வொன்றாக. காத்திருந்தாள்.

நான் சிரித்தேன்.

கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். நான் சிரித்தபடியே இருந்தேன், கன்னம் வலிக்கும் வரை. பிறகு அவளும் சிரித்தாள்.